குட்டன்பர்க்: கடன் பத்திரங்களில் வாழ்ந்த மனுஷன்

அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு மார்க் கேள்வி. பதில் உங்களுக்குத் தெரியும்: யோகன்னஸ் குட்டன்பர்க். ஒரு மார்க் வாங்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். ஆனால் அந்த மனுஷன் எப்படி வாழ்ந்தார், கண்டுபிடித்ததால் அவருக்கு என்ன கிடைத்தது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

நீளத் தாடியும் தலையில் குல்லாயுமாக ஒரு படம் பார்த்திருப்பீங்க. அது கற்பனை. அவர் உயிரோடு இருந்தபோது வரைந்த படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் அச்சிட்ட எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. பிறந்த வருஷம்கூட உறுதியில்லை. 1400 என்பது பின்னாளில் அவருடைய ஊர் விழா கொண்டாடுவதற்காக வைத்துக்கொண்ட கணக்கு. அப்படியென்றால் அவரைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? கடன் பத்திரங்கள், வட்டிக் கணக்குகள், கோர்ட்டு சாட்சியங்கள். பெரும்பாலும் இவைதான். அவர் வாழ்க்கையை அந்தக் காகிதங்கள் வழியாகவே பார்ப்போம். கூடவே 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவும் தெரியும்.

இரண்டாகப் பிளந்த ஊர்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் இருக்கிறது மைன்ஸ் நகரம். அங்கே மேட்டுக்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் குட்டன்பர்க். குடும்பப் பெயர் கென்ஸ்ஃப்ளைஷ். அதற்கு வாத்துக்கறி என்று அர்த்தம்! குட்டன்பர்க் என்பது அவர்கள் வசித்த வீட்டின் பெயர். அந்தக் காலத்தில் பெரிய குடும்பங்கள் வீட்டுப் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொள்வது வழக்கம். இல்லாவிட்டால் இன்று நாம் 'வாத்துக்கறி அச்சு இயந்திரம்' என்று படித்துக்கொண்டிருப்போம்.

அப்பா ஃப்ரீலெ மேட்டுக்குடிக்காரர். அம்மா எல்ஸெ ஒரு கடைக்காரரின் மகள். இது சாதாரண விஷயம் இல்லை. மைன்ஸில் அப்போது இரண்டு கோஷ்டிகள். ஒரு பக்கம் நிலமும் வரிச்சலுகையும் வைத்திருந்த பழைய குடும்பங்கள். இன்னொரு பக்கம் கில்டு எனப்படும் தொழிற்குழுக்கள்: நெசவாளர், ரொட்டிக்காரர், தட்டார், செருப்புத் தைப்பவர் எனத் தொழிலுக்கு ஒரு சங்கம். நகரத்தின் நிர்வாகம் யார் கையில் என்பதுதான் சண்டை.

சண்டைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. நகரம் பணத்தேவை வரும்போதெல்லாம் பணக்காரக் குடும்பங்களிடம் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு வருஷாவருஷம் பணம் தருவதாக எழுதிக் கொடுத்தது. நாளடைவில் வசூலாகும் வரியில் பெரும்பகுதி இந்த வருஷப் பணத்துக்கே போனது. வரி கட்டியது யார்? கில்டுக்காரர்கள். பணம் வாங்கியது யார்? வரியே கட்டாத மேட்டுக்குடிகள். எரிச்சல் வருமா வராதா? கில்டுகள் கை ஓங்கும்போதெல்லாம் மேட்டுக்குடிகள் ஊரை விட்டு வெளியேறினார்கள். குட்டன்பர்க்கும் அப்படி வெளியேறியவர்தான். 1430-இல் ஊர் திரும்ப அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அவர் திரும்பவில்லை.

1434-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் தலைகாட்டுகிறார். அதுவும் எப்படி? மைன்ஸ் நகரம் அவருக்கு 310 கில்டர் பாக்கி வைத்திருந்தது. மைன்ஸின் நகர எழுத்தர் ஏதோ வேலையாக ஸ்ட்ராஸ்பூர்க் வந்தார். குட்டன்பர்க் அவரைப் பிடித்துக் காவலில் வைக்க வைத்துவிட்டார்! ஓர் ஊரின் கடனுக்கு அந்த ஊர்க்காரர் எவரையும் பிடிக்கலாம் என்பது அன்றைய நடைமுறை. பிறகு ஸ்ட்ராஸ்பூர்க் நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்பது புரிகிறதா?

முதல் ஸ்டார்ட்அப்: கண்ணாடி

ஸ்ட்ராஸ்பூர்க்கில் அவர் தொடங்கிய தொழில் அச்சு இல்லை. கண்ணாடி! ஆஹன் நகரத் தேவாலயத்தில் புனிதப் பொருட்களை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். எல்லோரும் கிட்டப் போய்த் தொட முடியாது. அதனால் உலோகச் சட்டத்தில் பதித்த சின்னக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தால், அந்தப் பொருட்களின் அருள் கண்ணாடியில் பிடிபடும், அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று மக்கள் நம்பினார்கள். திருவிழாவில் இப்போது எத்தனை பேர் கையைத் தூக்கி மொபைலில் படம் பிடிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

குட்டன்பர்க்கோடு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். பணம் போட்டார்கள். கண்ணாடிச் சட்டங்களைக் கட்டுக்கட்டாக வார்க்கத் திட்டம். அப்புறம்தான் தெரிந்தது, திருவிழா 1439-இல் இல்லை, 1440-இல். பிளேக் நோயால் ஒரு வருஷம் தள்ளிப்போனது என்று சொல்வார்கள். போட்ட பணம் முடங்கியது.

இதற்கிடையில் பங்காளிகளுக்கு ஒரு விஷயம் தெரியவருகிறது. குட்டன்பர்க் தனியாக வேறு ஏதோ ரகசிய வேலையும் செய்கிறார். அதையும் எங்களுக்குக் கற்றுக்கொடு என்று கேட்டு, புதிதாக ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். பங்காளிகளில் ஒருவரான ஆந்திரயாஸ் ட்ரிட்ஸென் சொத்தை அடகு வைத்துப் பணம் புரட்டினார். 1438 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் இறந்துவிட்டார். அவருடைய சகோதரர்கள், எங்களைப் பங்காளியாகச் சேர், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பு என்று வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கின் சாட்சியங்கள்தான் நமக்குப் பெரிய புதையல். தச்சர் ஒருவர் பிரஸ் ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். ஈயம் வாங்கியிருக்கிறார்கள். திருகால் இறுக்கிய நான்கு துண்டுகள் கொண்ட ஏதோ ஒன்று பிரஸ்ஸில் கிடந்தது. ட்ரிட்ஸென் இறந்ததும் அதைக் கழற்றிப் போடச் சொல்லி குட்டன்பர்க் ஆள் அனுப்பினார், பார்ப்பவர்களுக்கு அது என்னவென்று புரியக்கூடாது என்பதற்காக. ஒரு தட்டார், அச்சு சம்பந்தமான வேலைக்காக மட்டும் சுமார் 100 கில்டர் சம்பாதித்ததாகச் சொன்னார். ரகசியம் காக்கப் பாடுபட்ட மனுஷனைப் பற்றி, கோர்ட்டில் சொன்ன சாட்சிதான் நமக்கு முதல் துப்பு.

1439 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஒப்பந்தப்படி வாரிசுகளுக்கு 15 கில்டர் மட்டும் கொடுத்தால் போதும். எழுதி வைத்த ஒப்பந்தம் அவரைக் காப்பாற்றியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னதான் அந்தக் கண்டுபிடிப்பு?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். எழுத்துகளைத் தனித்தனியாகச் செய்து கோத்து அச்சிடும் யோசனை குட்டன்பர்க்குக்கு முன்பே இருந்தது. சீனாவில் பி ஷெங் 1040-களில் சுட்ட களிமண் எழுத்துகளைச் செய்தார். கொரியாவில் 1377-இல் உலோக எழுத்துகளால் அச்சிட்ட 'ஜிக்ஜி' என்ற பௌத்த நூல் இன்றும் இருக்கிறது. அப்படியென்றால் குட்டன்பர்க் செய்தது என்ன?

ஒரு பக்கத்துக்குச் சுமார் 2,500 எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பக்கங்களை ஒரே நேரத்தில் கோக்க வேண்டும். ஆக, பல்லாயிரக்கணக்கான ஈய எழுத்துகள் வேண்டும். எல்லாமே ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்று மயிரிழை தாழ்ந்தாலும் மை படாது, ஒன்று உயர்ந்தால் காகிதம் கிழியும். இது டாலரன்ஸ் பிரச்சினை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தீர்வு இப்படி: முதலில் கடினமான உலோகக் கம்பியின் முனையில் எழுத்தைச் செதுக்குவது. அது பஞ்ச். அதை மென்மையான செம்பில் அடித்துப் பள்ளம் பதிப்பது. அது மேட்ரிக்ஸ். அதை ஒரு கை மோல்டின் அடியில் வைத்து உருக்கிய உலோகத்தை ஊற்றினால் ஓர் எழுத்து தயார். மோல்டின் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று நகரும். 'ஐ' மாதிரி ஒல்லி எழுத்துக்கும் 'எம்' மாதிரி அகல எழுத்துக்கும் அகலம் மாறும், ஆனால் உயரம் மாறாது. அவருடைய எழுத்துகளை நுணுக்கமாக அளந்து பார்த்த ஆய்வாளர்களில் சிலர், இந்த முறை முழுமையடைந்தது அவருக்குக் கொஞ்சம் பின்னால் என்கிறார்கள். ஆனால் எழுத்துகளை வார்த்துக் குவிக்கும் வேலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பதில் சண்டை இல்லை.

அதோடு முடியவில்லை. கையெழுத்துக்குப் பயன்படும் தண்ணீர் மை உலோகத்தில் ஒட்டாது, வழிந்துவிடும். அதற்கு எண்ணெய் கலந்த பிசுபிசுப்பான மை தேவைப்பட்டது. உலோகக் கலவையும் முக்கியம்: சீக்கிரம் உருக வேண்டும், சீக்கிரம் இறுக வேண்டும், ஆறும்போது சுருங்கக் கூடாது. பின்னால் வந்த அச்சகங்கள் ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி சேர்ந்த கலவையில் நிலைத்தன. திராட்சை பிழியவும் காகிதம் அழுத்தவும் ரைன் கரையில் திருகு பிரஸ் ஏற்கெனவே உண்டு. அதுபோன்ற ஒன்றை, தாள் முழுக்க ஒரே சீராக அழுத்தும்படி மாற்ற வேண்டும். தட்டார் வேலை, தச்சு வேலை, வேதியியல், வார்ப்பு, பிறகு கணக்கு. குட்டன்பர்க் கண்டுபிடித்தது ஒரு மெஷின் இல்லை, ஒரு முழு சிஸ்டம்.

கடன் மேல் கடன்

1448-இல் மைன்ஸ் திரும்பியதும் முதல் வேலையாகச் சொந்தக்காரர் ஒருவர் மூலம் 150 கில்டர் கடன் வாங்கினார். போதவில்லை. 1450-இல் யோகன் ஃபுஸ்ட் என்ற பணக்காரரிடம் 800 கில்டர், 6 சதவீத வட்டிக்கு. அந்தப் பணத்தில் செய்யும் கருவிகளே ஈடு. 1452-இல் அதே ஃபுஸ்ட் இன்னொரு 800 போட்டார். இந்தமுறை புத்தக வேலையில் பங்காளியாக.

அந்தப் புத்தகம் லத்தீன் பைபிள். இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி, மொத்தம் 1,280 பக்கங்களுக்கு மேல். சுமார் 180 பிரதிகள். பெரும்பாலானவை இத்தாலியிலிருந்து வந்த காகிதத்தில், மிச்சம் கன்றுத்தோலில். வரிகளின் வலது ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும் என்பதற்காக, சுருக்கெழுத்துகள், கூட்டெழுத்துகள் எல்லாம் சேர்த்து 290 வகை எழுத்துகள் செய்தார். லத்தீன் அரிச்சுவடியில் எத்தனை எழுத்து என்று உங்களுக்கே தெரியும்! முதல் சில பக்கங்களில் பத்திக்கு 40 வரிதான். வேலை நடக்க நடக்க 41, பிறகு 42 ஆக்கினார், காகிதம் மிச்சமாகட்டும் என்று. நடுவிலேயே பிரதிகளின் எண்ணிக்கையையும் கூட்டினார். அதற்காக முதல் பக்கங்களை மறுபடி கோத்தார்கள்.

பைபிள் முடியும்வரை சோற்றுக்கு என்ன வழி? பள்ளிப் பிள்ளைகளுக்கான லத்தீன் இலக்கண நூல், காலண்டர், பாவமன்னிப்புச் சீட்டு. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். துருக்கியர் 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்ததும் ஐரோப்பா கலங்கியது. சைப்ரஸ் தீவைக் காக்க நிதி கொடுப்போருக்குத் திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டு வழங்கியது. வாசகம் ஒன்றே, பெயரும் தேதியும் மட்டும் மாறும். ஆட்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்த இடத்தில், 1454-இல் அச்சடித்த சீட்டு வந்தது, பெயருக்கும் தேதிக்கும் வெற்றிடம் விட்டு. இன்று ஆபீஸில் நீங்க நிரப்பிக் கொடுக்கும் ஃபாரத்துக்கு அதுதான் மூதாதை. அந்த அறுபது வருஷத்துச் சந்ததி லூத்தர் காலத்தில் அதே சீட்டை எதிர்த்து அச்சிலேயே போர் தொடுத்தது. ஆனால் அது வேறு கதை.

1454 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் பைபிளின் தாள்கள் சிலர் பார்வைக்கு வந்தன. பார்த்தவர்களில் ஒருவர் எனேயா பிக்கோலோமினி, பின்னால் போப் ஆனவர். எழுத்து எவ்வளவு தெளிவு என்றால் மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம் என்றும், பிரதிகள் முடிவதற்குள்ளேயே வாங்க ஆள் தயாராகிவிட்டது என்றும் ஒரு கர்தினாலுக்கு எழுதினார். ப்ராடக்ட் ரெடி. மார்க்கெட் ரெடி. இனி பணம் வர வேண்டியதுதான் பாக்கி.

1455 நவம்பர் 6

அப்போதுதான் ஃபுஸ்ட் வழக்குப் போட்டார். அசல், வட்டி, வட்டிக்கு வட்டி சேர்த்து 2,000 கில்டருக்கு மேல் கேட்டார்.

இரண்டு பக்க வாதத்தையும் கேளுங்கள். ஃபுஸ்ட்: நான் கொடுத்த பணமே வெளியில் கடன் வாங்கியது, அதற்கு நான் வட்டி கட்டியிருக்கிறேன். குட்டன்பர்க்: முதல் 800 கருவிகளுக்காக, அதையும் முழுசாக ஒரே நேரத்தில் தரவில்லை. வட்டி எழுதியிருந்தாலும், வாங்க மாட்டேன் என்று வாயால் சொன்னார். இரண்டாவது 800 கடனே இல்லை, கூட்டுத் தொழிலுக்குப் போட்ட முதல். அதற்குக் கணக்குக் காட்டத் தயார்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் எழுத்து அவரைக் காப்பாற்றியது. மைன்ஸில் வாய்வார்த்தை காப்பாற்றவில்லை. கூட்டுத் தொழிலுக்குச் செலவானது போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஃபுஸ்ட் தான் கடன் வாங்கியதாகச் சத்தியம் செய்தால் வட்டியும் தர வேண்டும். இதுதான் தீர்ப்பு. 1455 நவம்பர் 6 அன்று பிரான்சிஸ்கன் மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஃபுஸ்ட் அந்தச் சத்தியத்தைச் செய்தார். 1,550 கில்டர் கடன் வாங்கியதாக. குட்டன்பர்க் அங்கே வரவில்லை. ஒரு பாதிரியாரையும் தன்னுடைய தொழிலாளர் இருவரையும் மட்டும் அனுப்பியிருந்தார். ஃபுஸ்ட் பக்கம் சாட்சியாக நின்றவர் யார் தெரியுமா? பேட்டர் ஷோஃபர். பாரிஸில் நூல்களைப் படியெடுத்தவர், குட்டன்பர்க்கின் பட்டறையில் தொழில் கற்றவர்.

பட்டறையும் பைபிள் பிரதிகளில் பெரும்பகுதியும் ஃபுஸ்ட் கைக்குப் போனதாகவே பொதுவாகக் கருதுகிறார்கள். 1457 ஆகஸ்டில் ஃபுஸ்ட்டும் ஷோஃபரும் ஓர் அழகான சங்கீதப் புத்தகம் வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் அச்சிட்டவர் பெயரும் தேதியும் தாங்கிய முதல் புத்தகம் அது. அதில் இருந்த பெயர்கள் ஃபுஸ்ட், ஷோஃபர். ஷோஃபர் பின்னால் ஃபுஸ்ட்டின் மகளையே கட்டிக்கொண்டார்.

ஃபுஸ்ட்டை வில்லனாக்கிவிட வேண்டாம். ஐந்து வருஷம், ஒரு புத்தகம்கூட விற்காத ஒரு வேலைக்கு, கடன் வாங்கிக் கொடுத்த ஆள் அவர். அவர் பணம் இல்லாமல் பைபிள் இல்லை. ஷோஃபரும் திறமைசாலிதான், அந்தச் சங்கீதப் புத்தகத்தின் இருவண்ண எழுத்துகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் எழுத்து வார்க்கத் தெரிந்தவருக்குப் பத்திரம் எழுதி வாங்கத் தோன்றவில்லை. அதற்கு விலை, பதினைந்து வருஷ உழைப்பு.

கடைசிக் காலம்

1458 முதல், ஸ்ட்ராஸ்பூர்க்கில் வாங்கிய பழைய கடனுக்கு வட்டி கட்டுவதையும் நிறுத்தினார். கையில் இல்லை. 1462 அக்டோபரில் இன்னொரு அடி. மைன்ஸின் ஆர்ச்பிஷப் பதவிக்கு இரண்டு பேர் மோத, அவர்களில் ஒருவரான அடால்ஃப், ராத்திரியோடு ராத்திரியாக நகரத்தைப் பிடித்தார். சில நூறு பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் துரத்தப்பட்டார்கள். அச்சுத் தொழிலாளர்களும் சிதறினார்கள். போன இடமெல்லாம் தொழில் போனது. 1465-இல் ரோம் அருகே சுபியாகோ, 1469-இல் வெனிஸ், 1476-இல் இங்கிலாந்து. 1500-க்குள் 200-க்கும் மேற்பட்ட ஊர்களில் அச்சகம். ஒரு ஊர் எரிந்ததில் ஒரு கண்டம் படிக்கத் தொடங்கியது.

விசித்திரம் என்னவென்றால், 1465 ஜனவரியில் அதே அடால்ஃப்தான் குட்டன்பர்க்குக்கு அரண்மனை மரியாதை தந்தார். வருஷத்துக்கு ஓர் உடை, இரண்டாயிரம் லிட்டரைத் தாண்டும் தானியம், அதே அளவுக்கு ஒயின், வரிவிலக்கு. கிட்டத்தட்ட அறுபத்தைந்து வயதில் முதல்முறையாகக் கவலையில்லாத சாப்பாடு. மூன்று வருஷம் அனுபவித்தார். 1468 பிப்ரவரியில் இறந்தார். கடைசிக் காகிதமும் அவர் குணம் மாறாமல் அமைந்தது. அவர் வசம் இருந்த அச்சுக் கருவிகள் தன்னுடையவை என்று ஹுமெரி என்பவர் வாங்கிக்கொண்டதற்கான ரசீது! அடக்கம் செய்த தேவாலயம் பின்னால் இடிக்கப்பட்டது. சமாதியும் போனது.

நாம் இதில் எங்கே வருகிறோம்? 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் அச்சானது. போர்ச்சுக்கல்லிலிருந்து வந்து முத்துக்குளித்துறையில் தமிழ் கற்ற அன்றீக்கே அடிகளாரின் வேலை. தன் எழுத்திலேயே அச்சேறிய முதல் இந்திய மொழி தமிழ். மைன்ஸ் பட்டறையிலிருந்து நம்முடைய 'அ' வரை 120-சொச்சம் வருஷம்.

இன்று அந்த பைபிளில் ஐம்பதுக்குக் கிட்டத்தட்ட பிரதிகள் மிச்சம். ஒவ்வொன்றும் கோடிக்கணக்கில் மதிப்பு. ஃபுஸ்ட் கேட்ட பாக்கி 2,000 கில்டர்.

நீங்க ஒரு ப்ராஜெக்ட் செய்கிறீர்கள், நண்பர்கள் நாலு பேர் சேர்கிறீர்கள், ஒருவர் வீட்டிலிருந்து பணம் வருகிறது. நம்மளுக்குள்ள என்னடா அக்ரிமென்ட் என்று தோன்றும். ஒரு பக்கக் காகிதத்தில் யார் எவ்வளவு போட்டோம், யாருக்கு என்ன, யார் பெயர் வரும் என்று எழுதி வையுங்கள். உலகத்துக்கே எழுத்தை வார்த்துக் கொடுத்தவர், தனக்காக அந்த நாலு வரியை எழுதி வாங்காமல் விட்டார்.